கரகம் நிற்காத வாசல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் அண்ணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பினார்.

கல்யாணத்துக்கு இல்லை. கோயிலுக்கு இல்லை. சிரம்பானில் ஒரு ஷாப்பிங் மாலின் மேல்மாடித் தியேட்டருக்கு. தலையில் மல்லிகைச் சரம் வேறு. “என்ன அண்ணி, படம் பார்க்கவா, பெண் பார்க்கவா?” என்று கேட்டேன். கேட்ட என்னைத்தான் அவர் ஒரு மாதிரி பார்த்தார். படத்தில் அவர் நடித்திருக்கிறார். நடித்தவர் வீட்டுச் சேலையிலா போவார்?

அண்ணியின் பெயர் மங்களம். அண்ணன் பாரோயில் பள்ளி பஸ் ஓட்டுகிறார். நான் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். மூவருமே ரந்தாவ் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே ரப்பர்ப் பால் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் இரண்டு வரிசைதான் இன்னும் நிற்கிறது. அவற்றிலும் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கின்றன. மாரியம்மன் கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் நாங்களும் வருடத்துக்கு ஒரு முறை காடியை எடுத்துக்கொண்டு ‘ஊருக்கு’ப் போகிறோம்.

படம் என்ன படம்? அதைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — பழங்காலத்துக் கதை சொல்லும் படம் என்றால் எனக்கு ஒரு பைத்தியம். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை. ஒரு சின்ன ஊர். எங்கிருந்தோ ஓர் ஆள் வந்து இறங்குகிறார். வாத்தியாராக இருக்கலாம். மருத்துவச்சியாக இருக்கலாம். யாரையோ நம்பி வந்த பெண்ணாக இருக்கலாம். ஊருக்குப் பிடிக்காது. முதலில் முணுமுணுப்பு, அப்புறம் வதந்தி, அப்புறம் சாத்திய கதவு, கடைசியில் கல். எந்த மொழியில் எடுத்தாலும் இதே வரிசைதான். எந்த மொழியில் பார்த்தாலும் நான் அழுவேன்.

எப்போதும் அந்த வந்தேறியின் பக்கம்தான் நான். நீங்களும் அப்படித்தானே? தியேட்டரில் இருக்கிற அத்தனை பேரும் அந்தப் பக்கம்தான். அப்படியானால் கல்லை எறிகிற ஊர்க்காரர்கள் எல்லாம் எங்கே உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள்? எனக்கு நெடுநாளாக இந்தச் சந்தேகம் உண்டு.

அதிலும் இந்தப் படங்கள் பெரும்பாலும் பழைய காலத்தில்தான் நடக்கின்றன. பழைய லாரி, பழைய விளக்கு, பழைய சட்டை. பார்த்து முடித்ததும் “அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான்” என்று பெருமூச்சு விட்டுவிட்டு, கீழே இறங்கி ரொட்டி சானாய் சாப்பிடலாம். வசதியான ஏற்பாடு.

அண்ணி நடித்ததும் இப்படி ஒரு படம்தான். ஐம்பதுகளில் ஒரு ரப்பர்த் தோட்டம். ஒரு விதவை தகரப் பெட்டியோடு லாரியிலிருந்து இறங்குகிறாள். யார் என்று யாருக்கும் தெரியாது. ஊர் அவளைப் படாத பாடு படுத்துகிறது. கடைசியில் அதே பெட்டியோடு அவள் நடந்து போகிறாள்.

இதை எடுக்கத்தான் போன வருடம் எங்கள் தோட்டத்துக்குக் கேமராவோடு வந்தார்கள். இயக்குநர் கிள்ளானைச் சேர்ந்த இளைஞர். நல்ல பிள்ளை. சி ரூசா கடற்கரைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் வந்து இறங்குவார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் கோயில் வாட்சாப் குழுவில் செய்தி பறந்தது. சிரம்பானிலிருந்தும் ரந்தாவ் டவுனிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்துவிட்டோம். நானும்தான்.

முக்கியமான காட்சி பைப்படியில். லயத்துக்குப் பொதுவாக இருந்த அந்தத் தண்ணீர்க் குழாய் இன்றும் இருக்கிறது. கதாநாயகி வாளியோடு வருவாள். நாங்கள் அவளை வெறுப்போடு பார்த்து விலக வேண்டும். ஒரு வசனமும் இல்லை. பார்த்தால் போதும்.

அதுதான் எங்களால் முடியவில்லை.

அந்த நடிகைப் பெண் வெயிலில் வாடிப்போய் வந்து நின்றதும் அண்ணி தன் வாளியை நகர்த்தி இடம் விடுவார். “பிடிம்மா, நீ முதல்ல பிடி” என்பார். இயக்குநர் ‘கட்’ சொல்லிவிட்டு ஓடி வந்து கெஞ்சுவார். வெறுக்கணும் ஆண்ட்டி, அவ யாருன்னே உங்களுக்குத் தெரியாது. சரி என்று அண்ணி தலையாட்டுவார். அடுத்த முறை இடம் விடமாட்டார். ஆனால் பரிதாபமாகப் பார்ப்பார். இப்படியே காலை முழுக்கப் போனது. நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு வெறுக்கத் தெரியாது என்று ஒரு பெரியவர் பெருமையாகவே சொன்னார். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடிகை குடைக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பைப்படியிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அப்போது செல்வி தண்ணீர் பிடிக்க வந்தாள்.

செல்வி யார் என்று சொல்ல வேண்டும். கீழ் வரிசையின் கடைசி வீட்டில் உண்மையிலேயே குடியிருப்பவள். கெடா பக்கத்துத் தமிழ்ப் பெண். செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கணவன் அதே தோட்டத்தில் குலை வெட்டுகிற நேப்பாளி. ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். அவனுடைய வேலை பெர்மிட் சிக்கலால் கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியவில்லை. அவன் பெயர் கிரண். அது எனக்கு வெகு பிற்பாடுதான் தெரியும். எங்கள் ஆட்களுக்கு அவன் ‘நேப்பாளி’, அவள் ‘நேப்பாளியோட வந்தவ’. அவ்வளவுதான்.

அன்று அவள் வயிற்றில் பிள்ளை. பார்த்தாலே தெரிந்தது. ஷூட்டிங் இடைவேளை என்று நினைத்திருப்பாள். ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றாள்.

பேச்சு நின்றது. அண்ணி தன் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முந்தானையையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார். எல்லாரும் ஓர் அடி நகர்ந்தோம். செல்வி அரை வாளி பிடித்ததும் போதும் என்று போய்விட்டாள்.

இயக்குநர் கேமராவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக “ஓகே” என்றார். சாப்பாட்டுக்கு விட்டார்கள். அந்தக் காட்சியை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. எங்கள் தொல்லை தாங்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்தோம்.

அதற்குச் சில வாரம் கழித்துத் திருவிழா.

தீமிதிக்கு முன்னால் பிற்பகலில் சக்திக் கரகம் கிளம்பி லயத்தைச் சுற்றி வரும். கரகம் எடுப்பது எங்கள் அண்ணன்தான், அப்பாவுக்குப் பிறகு. உறுமி மேளம் முன்னால் போகும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கரகம் நிற்கும். வீட்டுப் பெண் குடத்தில் கரைத்து வைத்த மஞ்சள் தண்ணீரைக் கரகக்காரர் காலில் ஊற்றிக் கும்பிடுவாள். அவர் திருநீறு கொடுப்பார். கரகம் நின்றால் அது லயத்து வீடு. நீ லயத்துப் பெண். எங்கள் ஊரில் அதற்கு மேல் வேறு அத்தாட்சி கிடையாது.

இப்போது வீடுகள்தான் பூட்டிக் கிடக்கின்றனவே? அதற்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவரவர் டவுனிலிருந்து குடத்தோடு வந்து, அவரவர் குடும்பம் முன்பு இருந்த வீட்டு வாசலில் நின்றுகொள்வோம். பின்னால் துருப்பிடித்த பூட்டு, சன்னலில் கண்ணாடி இருக்காது, உள்ளே புல் முளைத்திருக்கும். முன்னால் பட்டுப்புடவையில் நாங்கள். கரகம் நிற்கும். ஊற்றுவோம். கும்பிடுவோம். போட்டோ எடுப்போம்.

செல்வி இருக்கிற வீட்டுக்குப் பழைய சொந்தக்காரர்கள் யாரும் வருவதில்லை. அந்தக் குடும்பமே இல்லாமல் போய்விட்டது. போன வருடம் அந்த வாசலில் செல்வி நின்றாள். சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். கையில் குடம். அதன் வாயில் வேப்பிலை. பக்கத்தில் கிரண் மடிப்புக் கலையாத புதுச்சட்டையில் தலையை வாரிக்கொண்டு நின்றான்.

கரகம் அந்த வாசலைத் தாண்டிப் போனது.

கோயில் தலைவர் கைத்தடியால் வழி காட்டிக்கொண்டு முன்னால் போனார். உறுமி போனது. அண்ணன் போனார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி குடத்தோடு நிற்க, ஆத்தா அவள் வாசலில் நிற்காமல் போனாள். இதை நம்மவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஆகாது என்றுதான் அவளும் நினைத்திருப்பாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கிரண் குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஆளில்லாத வீடுகளில் எல்லாம் நின்ற கரகம், ஆள் குடியிருக்கிற வீட்டைத் தாண்டிப் போனது. அன்றைக்கு யாருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இனி தியேட்டருக்கு வருகிறேன்.

அரங்கு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு வரிசை. தெரிந்த முகம் திரையில் வரும்போதெல்லாம் கசகசவென்று சிரிப்பு. பைப்படிக் காட்சி வந்தது. கதாநாயகி வாளியோடு நடந்து வருகிறாள். அடுத்து, பச்சைச் சேலையில் அண்ணி; திரை முழுக்க அவர் முகம்.

நான் அப்படி ஒரு முகத்தை அண்ணியிடம் பார்த்ததில்லை. அத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு தடவைகூட இல்லை. கண் சுருங்கி, உதடு ஒரு பக்கமாக இறங்கி, அருவருப்பான எதையோ பார்க்கிற பார்வை. வாளி இழுபடுகிறது. முந்தானை இழுபடுகிறது. எல்லாரும் ஓர் அடி நகர்கிறோம். என் முழங்கை மட்டும் படத்தில் வந்திருந்தது. முகம் வெளியே நின்றுவிட்டது என்பதால் நான் தப்பித்தேன் என்று சொல்லமுடியாது.

எங்கள் வரிசையில் சிரிப்பு சட்டென்று அடங்கியது.

பின் வரிசையில் இரண்டு காலேஜ் பெண்கள். ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “அந்தப் பச்சைச் சேலையப் பாருடி. இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் என்ன செய்யலாம்?” மற்றவள் ஏதோ சொன்னாள். அது எழுதத் தக்கதில்லை.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். “இது அன்னிக்கு அந்தப் பொண்ணு வந்தப்ப எடுத்தது,” என்றார் காதோடு. “அந்த நடிகை அப்ப இல்லவே இல்ல, சரசு.”

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் அந்தக் காலேஜ் பெண்கள் அண்ணியை அடையாளம் கண்டு ஓடி வந்தார்கள். தப்பான பிள்ளைகள் இல்லை. முகமெல்லாம் சந்தோஷம். செமையாக நடித்திருக்கிறீர்கள் ஆண்ட்டி, எங்களுக்கு நிஜமாகவே உங்கள் மேல் கோபம் வந்துவிட்டது, ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

“நான் நடிக்கலம்மா,” என்றார் அண்ணி.

அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். காடியில் ஏறியதும் அண்ணி தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் அண்ணி ஆரம்பித்தார். இந்த வருடம் அந்தப் பெண் வீட்டு வாசலில் கரகத்தை நிறுத்த வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் நல்ல மனிதர். ஆனால் சண்டை என்றால் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுகிற ரகம். கரகம் தலையில் ஏறிவிட்டால் எங்கே நடக்கிறேன், எங்கே நிற்கிறேன் என்று தனக்கே தெரியாது, எல்லாம் ஆத்தா செயல் என்றார்.

“தெரியாமத்தான் எல்லாப் பூட்டின வீட்டுலயும் கரெக்ட்டா நிக்கிறீங்களாக்கும்?” என்று கேட்டார் அண்ணி.

அண்ணன் பஸ்ஸைக் கழுவப் போய்விட்டார்.

தலைவரிடமும் போனில் பேசிப் பார்த்தார். அவரும் கெட்டவர் இல்லை. கோயிலுக்காக ஓடாய்த் தேய்கிறவர். அவருக்கு ஒரு பயம். இது லயத்துக் குடும்பங்களுக்கு உள்ள பழக்கம், இன்றைக்கு ஒரு வீட்டில் நின்றால் நாளைக்குக் கொங்சிக் கொட்டகையில் தங்கியிருக்கிற வெளிநாட்டு ஆட்கள் எல்லாரும் கேட்பார்கள் என்றார். கேட்டால் என்ன என்று அண்ணி கேட்டதற்கு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவிழா.

எங்கள் பழைய வீடு கீழ் வரிசையின் நடுவில் இருக்கிறது. வழக்கம்போல அண்ணி வீட்டிலிருந்தே மஞ்சள் கரைத்துக் குடத்தில் கொண்டு வந்திருந்தார். நாங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம். உறுமிச் சத்தம் மேல் வரிசையிலிருந்து திரும்பி எங்கள் பக்கம் வந்தது. அப்போது அண்ணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எங்கே போகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பின்னாலேயே ஓடினேன்.

செல்வி வீட்டு வாசலில் கோலம் இல்லை. குடம் இல்லை. கதவு பாதி சாத்தியிருந்தது. அவள் கைப்பிள்ளையோடு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். பெண் குழந்தை. நன்றாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

அண்ணி வாசலில் நின்று கூப்பிட்டார். செல்வி வெளியே வரவில்லை. இந்த வருடம் தண்ணீர் கரைக்கவில்லை அக்கா என்று உள்ளேயிருந்தே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குள் கரகம் எங்கள் பழைய வீட்டருகே வந்துவிட்டது. தலைவர் கைத்தடியை நீட்டி நிறுத்தப் பார்த்தார். நிறுத்தி என்ன செய்ய? வாசலில் ஆள் இல்லை. அண்ணனின் கண்கள் மேலே செருகித்தான் இருந்தன. கால் மட்டும் ஒரு கணம் தடுமாறியது. பிறகு நேராக நடந்து வந்தது.

கட்டிய மனைவி இடுப்பில் குடத்தோடு, செல்வி வாசலிலிருந்து நடுப்பாதைக்கு இறங்கி, தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆத்தாவே வந்து இறங்கியிருந்தாலும் எப்படித் தாண்டிப் போவது?

கரகம் நின்றது. உறுமி அங்கேயே நின்று அடித்தது. தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கைத்தடியைக் கீழே ஊன்றிக்கொண்டார். படத்தில் அந்தப் பைப்படியில் நின்ற பெண்கள் எல்லாரும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் தியேட்டருக்கு வந்தவர்கள்தானே.

செல்வி மெல்ல வாசலுக்கு வந்தாள். அண்ணி குழந்தையை வாங்கி என் கையில் கொடுத்தார். குடத்தை அவளிடம் நீட்டினார். செல்வி அதை வாங்கவில்லை.

“இது உங்க வீட்டுக்குக் கரைச்சதுக்கா. இத ஊத்திட்டா உங்க வீட்டுக்கு?”

“அங்க யாரு இருக்கா?” என்றார் அண்ணி. “நீ ஊத்துலா.”

அவள் ஊற்றினாள். கொஞ்சம் அண்ணன் காலில் விழுந்தது, கொஞ்சம் அவள் புடவையிலேயே சிந்தியது. குனிந்து கும்பிட்டவள் எழ நேரமானது. கிரண் கொல்லைப் பக்கமிருந்து வேலைச் சட்டையோடு ஓடி வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். அண்ணன் திருநீற்றை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் பூசினார். அது தும்மியது.

ஊர் மாறிவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கு ஆசைதான். மாறவில்லை. தீமிதி முடிவதற்குள்ளேயே, பழக்கத்தைக் கெடுத்துவிட்டாள் மங்களம் என்று இரண்டு பேர் என் காதுபடப் பேசினார்கள். அடுத்த வருடம் தலைவர் என்ன சொல்வாரோ தெரியாது. போன வருடம் அந்தச் செடிக்குப் போன தண்ணீரையும் யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அது செல்விக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட படத்தை இனி நான் பார்க்கும்போது கதாநாயகியைப் பார்க்கப் போவதில்லை. பின்னால் நிற்கிற கூட்டத்தைத்தான் பார்க்கப் போகிறேன், என் முழங்கை தெரிகிறதா என்று.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த வருடம் எங்கள் பழைய வீட்டு வாசலில் கரகம் நிற்கவில்லை.

பூட்டிய கதவு ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.